துவக்கு உறை: தையல் நல்லது, சிப் மோசம்

வீடு திருகோணமலை டவுனில், வயல் தம்பலகாமத்தில், இரவில் பன்றித் தொல்லை, ஆகவே அப்பாவின் 12 போர் (குழல் அளவு) துவக்கு அடிக்கடி காரில் போய்வரும். அதற்கு ஒரு உறை, சீட் கவர் தைக்கும் கடையொன்றில் 4,500 ரூபாவுக்குச் சொல்லித் தைத்தேன். ரெக்சின் நல்ல தடிப்பு, உள்ளே பஞ்சு, இத்தனை குலுக்கலிலும் துவக்கில் ஒரு கீறல் இல்லை. ஆனால் தோட்டாப் பையைத் தனியாகக் கேட்டால் உறையோடு சேர்த்தே தைத்துவிட்டார்கள். சிப் மூன்றாம் மாதமே வாயைப் பிளந்தது, பூட்டுப் போட வளையமும் இல்லை.

படத்தைப் பார்த்து அமெரிக்காவில் இருக்கும் மச்சான் சிரித்தான். அங்கே 1986ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டப்படி மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோகிறவர் தோட்டாவைக் கழற்றி, துவக்கு, தோட்டா இரண்டையும் இருக்கையிலிருந்து எட்டாதபடி வைக்க வேண்டுமாம், தனி டிக்கி இல்லாத வண்டியென்றால் பூட்டிய பெட்டி, டாஷ்போர்டு அறை செல்லாது.

நமக்கு 1916ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டம், வருஷாவருஷம் புதுப்பிக்கிற லைசன்ஸ். அதை வைக்க வெளியே ஒரு சின்னப் பை தைத்திருக்கிறார்கள் பாருங்கள், அது அருமை, சோதனைச் சாவடியில் தடவித் தேட வேண்டியதில்லை. சிப்பை மாற்றித் தந்தால் தம்பிக்கும் ஒன்று தைப்பேன்.