கோஆக்சஸ்: எண்ணிக் காட்டும், காரணம் சொல்லாது

மொரீஷியசில் கோயில் தளத்தையோ சங்கத் தளத்தையோ கவனித்துக்கொள்பவர், சர்வர் லாக்கில் (தளத்துக்கு வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் பதியும் கோப்பில்) ஒரே கோரிக்கை நூற்றுக்கணக்கில் குவிந்தால் முதலில் ஓடவிட வேண்டிய கருவி கோஆக்சஸ். இலவசம். கட்டளைத் திரையான டெர்மினலிலேயே ஓடும், ஹெச்டிஎம்எல் அறிக்கையும் தரும். அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் என்ற வெப்சர்வர்கள் இரண்டின் 'கம்பைண்ட்' லாக் வடிவமும் அதற்குத் தெரியும்.

404 (கேட்டது இல்லை என்ற பதில்) பட்டியல்தான் இதன் பலம். ஆப்பிள்-டச்-ஐகான் (ஐபோன் திரைக்கான தளச் சின்னம்) போன்றவை உலாவி தானாகக் கேட்பவை; அந்தப் படங்களை வைத்துவிட்டால் பாதி இரைச்சல் அடங்கும். கடவுச்சொற்கள் இருக்கும் '.என்வ்' கோப்பைத் தேடுவது, ஓட்டை தேடித் தளங்களைத் துழாவும் நிரல். 404 என்றால் விட்டுவிடலாம். 200 (கேட்டது கொடுக்கப்பட்டது என்ற பதில்) வந்திருந்தால் பைட் அளவைப் பாருங்கள். முகப்புப் பக்கத்தின் அளவேதான் என்றால், இல்லாத முகவரிக்கெல்லாம் முகப்பையே கொடுக்கும் தளம் அது. வேறு அளவு என்றால் கோப்பு வெளியே போயிருக்கலாம். கடவுச்சொற்களை அன்றே மாற்றுங்கள்.

வேர்ட்பிரஸ் தளத்தில் 200 வேறு மாதிரி ஏமாற்றும். ஒரே ஐபி, லாகின் பக்கத்துக்கு நிமிடத்துக்கு 30 'போஸ்ட்' (படிவம் அனுப்பும் கோரிக்கை), அத்தனையும் 200. உள்ளே புகுந்துவிட்டார்கள் என்று பதறத் தேவையில்லை: கடவுச்சொல் தவறினால் வேர்ட்பிரஸ் லாகின் பக்கத்தையே 200 போட்டுத் திருப்பித் தரும். நுழைவு பலித்தால் வருவது 302 (வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடும் பதில்). உங்கள் நிர்வாகியுடையது அல்லாத 302 ஒன்று இருக்கிறதா என்பதே கேள்வி. கோஆக்சஸ் இங்கே கைவிடுகிறது. பக்க முகவரி ஒரு பலகத்தில், ஐபி இன்னொன்றில், 200, 302 போன்ற பதில் குறியீடு வேறொன்றில். மூன்றையும் கோக்க மூல லாக்கில் கிரெப் (வரிகளைத் தேடும் கட்டளை) போட்டே ஆக வேண்டும்.

தைப்பூசக் காவடி நிகழ்ச்சி நிரலைப் பெரிய பிடிஎஃப் ஆகப் போட்டால் 206 (கோப்பின் ஒரு துண்டு மட்டும் போனது) என்ற வரிகள் கொட்டும். அதே கோப்பு, அதே கைபேசி, சில நொடிகள், வெவ்வேறு பைட் அளவு: ஒருவர் துண்டு துண்டாகப் படிக்கிறார், அவ்வளவுதான். ஹிட் எண்ணிக்கையை நம்பி அந்த ஐபியைத் தடுக்காதீர்கள். மொபைல் வலையில் ஒரே ஐபிக்குப் பின்னால் பலர் இருப்பார்கள்.

பெரிய எரிச்சல் நேரம்தான். சர்வர் உலகப் பொது நேரமான யுடிசியில் இருந்தால் லாக்கின் 20 மணி போர்ட் லூயியில் நள்ளிரவு. கோஆக்சஸின் ஆயத்த லாக் வடிவம் நேர மண்டலக் குறியைக் கண்டுகொள்வதில்லை. தேதி, நேரம், மண்டலம் மூன்றையும் சேர்த்து வடிவத்தைக் கையால் எழுதி, மண்டலமாக 'இந்தியன்/மொரீஷியஸ்' (Indian/Mauritius) என்று கொடுக்க வேண்டும் (இந்தியப் பெருங்கடல் என்ற பொருளில்தான் அந்தப் பெயர்). எழுத்து பிசகினால் சத்தமில்லாமல் ஜிஎம்டிக்கே, அதாவது யுடிசி நேரத்துக்கே, போய்விடும்.