கையெழுத்துத் தாளா, பாலிசியா, இ.எஸ்.ஐ.யா?

2020 மே மாதம் பட்டறைகளையும் கடைகளையும் திறக்கலாம் என்று ஆனபோது மதுரையில் மூன்று இடங்களுக்கு நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். செல்லூரில் ஒரு தையல் யூனிட், கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக்கடை, கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறை. மூன்று முதலாளிகளும் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "வேலைக்கு வர்ற ஆளுக்குக் கொரோனா வந்து ஏதாவது ஆயிட்டா நாம மாட்டுவோமா?" கேள்வி ஒன்று, ஆனால் ஆளுக்கொரு வழியில் போனார்கள். எந்த வழி யாருக்கு உதவியது என்பதை அருகருகே வைத்துப் பார்க்கிறேன். அடுத்து ஒரு தொற்று வந்தாலும் இதே கேள்விதான் வரும்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் 2020 மார்ச் 25 அன்று இங்கே நம் ராஜாஜி மருத்துவமனையில்தான் நடந்தது. அதோடு ஏப்ரல் 15 அன்று மத்திய உள்துறை வெளியிட்ட வழிகாட்டுதலில் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளும் இருந்ததால், ஒரு தொழிலாளிக்குத் தொற்று வந்தாலே முதலாளி ஜெயிலுக்குப் போக வேண்டியதுதான் என்று பேச்சு பரவிவிட்டது. ஏப்ரல் 23 அன்று உள்துறைச் செயலாளர் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதி, அப்படி இல்லை, நிர்வாகத்துக்குத் தெரிந்தோ அதன் சம்மதத்தோடோ அலட்சியத்தாலோ தவறு நடந்தால்தான் நடவடிக்கை என்று தெளிவுபடுத்தினார். ஆனால் முதலில் வந்த வதந்தி போன தூரம் இந்த விளக்கம் போகவில்லை.

செல்லூர் முதலாளி செய்தது கையெழுத்து வாங்கியது. 20 ரூபாய் முத்திரைத்தாளில், 'என் சொந்தப் பொறுப்பில் வேலைக்கு வருகிறேன், எனக்கு நோய் ஏதும் வந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல' என்று அடித்து, டெய்லர்கள், செக்கிங் பெண்கள், கட்டிங் மாஸ்டர் என எல்லோரிடமும் வாங்கிவிட்டார். ஓவர்லாக் மெஷினில் இருந்த அக்கா ஒருவர், "போடலைன்னா வேலை இல்லைங்கிறீங்க, ரெண்டு மாசமா வீட்ல அடுப்பு எரியல, குடுங்கண்ணே போடுறேன்" என்று வாங்கிப் போட்டது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. இதை யாராவது சம்மதம் என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சட்டமும் ஒத்துக்கொள்ளாது. அப்போது நடப்பில் இருந்த 1923-ஆம் ஆண்டு பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 17-வது பிரிவு, இழப்பீட்டு உரிமையைத் தொழிலாளி விட்டுக்கொடுப்பதாக எழுதும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று நேராகவே சொன்னது. அமெரிக்காவில் ஜார்ஜியா போன்ற சில மாநிலங்கள் அந்த வருடமே முதலாளிகளுக்குக் கவசமாகச் சட்டம் போட்டன, உண்மைதான், ஆனால் அது அங்கே. இங்கே அந்த முத்திரைத்தாளால் நடந்தது ஒன்றே ஒன்று: தன் கடமை முடிந்தது என்று முதலாளி நிம்மதியாகிவிட்டார், ஜன்னலைத் திறக்கவில்லை. இதைப் பிறகு சொல்கிறேன்.

கீழமாசி வீதிக்காரர் கொஞ்சம் விசாரித்தவர். இழப்பீட்டுச் சட்டப்படி வரும் பொறுப்பை இன்சூரன்ஸ் கம்பெனி ஏற்கும் பாலிசி ஒன்றை எடுத்தார். தாளில் பார்த்தால் தொகை பெரிது. 40 வயதுக்காரர், மாதச் சம்பளம் 12,000 என்றால், வேலை காரணமாக அவர் இறந்தால் சம்பளத்தில் பாதியான 6,000-ஐ அந்த வயதுக்குரிய காரணி 184.17-ஆல் பெருக்கி 11,05,020 ரூபாய் குடும்பத்துக்குப் போகவேண்டும். ஆனால் 'வேலை காரணமாக' என்ற இரண்டு சொல்லில்தான் எல்லாம் மாட்டிக்கொள்கிறது. அந்தச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொற்றுநோயும் தொழில்சார் நோயாக இருந்தது, ஆனால் தொற்று அபாயம் குறிப்பாக உள்ள வேலையில் இருப்பவர்களுக்குத்தான். ஆஸ்பத்திரி வார்டில் தரை துடைப்பவர், ரத்தம் எடுக்கும் லேப் பணியாளர் என்றால் பேசமுடியும். பருப்பு மூட்டை எடுத்துக் கொடுப்பவருக்கு? கிருமி கடையில் வந்ததா, ஷேர் ஆட்டோவில் வந்ததா, ரேஷன் வரிசையில் வந்ததா? அதை அவருடைய மனைவி நிரூபிக்க வேண்டும். எப்படி நிரூபிப்பார்? கலிபோர்னியாவில் 2020 செப்டம்பரில், ஒரு வேலையிடத்தில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் தொற்று பரவியிருந்தால் அது வேலையில் வந்ததாகவே எடுத்துக்கொள்ளச் சட்டம் செய்தார்கள். நம்மூரில் அப்படி ஒன்று வரவில்லை.

அவர் கூடவே கொரோனா கவச் என்ற மருத்துவ பாலிசியும் பார்த்தார். 2020 ஜூலையில் வந்தது அது, 50,000 முதல் 5 லட்சம் வரை, மூன்றரை, ஆறரை, ஒன்பதரை மாதம் என்று மூன்று காலஅளவு, முதல் 15 நாள் காத்திருப்பு. தொற்று எங்கே வந்தது என்று கேட்காமல் ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்ததால் அது நல்ல ஏற்பாடு. ஆனால் ஆளே போய்விட்டால் பின்னால் நிற்கும் குடும்பத்துக்கு அதில் ஒன்றும் இல்லை.

கப்பலூர் பட்டறை ஏற்கனவே இ.எஸ்.ஐ.யில், அதாவது முதலாளியும் தொழிலாளியும் சந்தா கட்டும் அரசின் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தில், இருந்தது. பல முதலாளிகளுக்கு அது வீண்செலவாகத் தெரிகிறது, தத்தனேரி இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் கூட்டம், டிஸ்பென்சரியில் மாத்திரை இல்லை என்று தொழிலாளிகளே குறை சொல்கிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. செலவைப் பாருங்கள்: அதே 12,000 சம்பளத்துக்கு முதலாளி பங்கு 3.25 சதவீதம், அதாவது மாதம் 390 ரூபாய். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், 90 ரூபாய். இதற்கு வைத்தியம் உண்டு, உடம்புக்கு முடியாமல் படுத்தால் தகுதியுள்ளவர்களுக்கு வருடத்தில் 91 நாள் வரை 70 சதவீதக் கூலி உண்டு. அப்புறம் 2021 ஜூனில் ஒரு கொரோனா நிவாரணத் திட்டம் அறிவித்து, அதை 2020 மார்ச் 24 முதலே செல்லுபடியாக்கினார்கள். பதிவான தொழிலாளி கொரோனாவில் இறந்திருந்தால் சராசரிக் கூலியில் 90 சதவீதம் மாதாமாதம் குடும்பத்துக்கு என்று வைத்தார்கள், குறைந்தது 1,800. 12,000-க்கு அது சுமார் 10,800. தொற்று எங்கே வந்தது என்ற கேள்வியே அதில் இருக்கவில்லை. நோய் உறுதியாவதற்கு மூன்று மாதம் முன்பாவது பெயர் பதிவாகியிருக்க வேண்டும், அதற்கு முந்தைய ஒரு வருடத்தில் 70 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும், நோய் கண்ட அன்று வேலையில் இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு இதில்தான் தீர்ப்பு கிடைத்தது. தொகை எவ்வளவு என்று பார்ப்பதைவிட, நிரூபிக்கும் பாரம் யார் தலையில் என்று பாருங்கள். முதலாளிக்கும் இதில் லாபம் உண்டு: அப்போதைய இ.எஸ்.ஐ. சட்டத்தின் 53-வது பிரிவுப்படி, வேலையில் ஏற்பட்ட பாதிப்புக்கு அதில் பதிவான தொழிலாளி பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் முதலாளியிடம் தனியாக இழப்பீடு கேட்கமுடியாது என்று இருந்தது. செல்லூர்க்காரர் முத்திரைத்தாளில் தேடிய பாதுகாப்பு, 12,000 சம்பளக்காரர் ஒருவருக்கு மாதம் 390 ரூபாய்க்கு ஒழுங்கான வழியில் கிடைத்திருக்கும்.

சரி, ஜன்னல் விஷயம். செல்லூரில் வாசலில் சானிடைசர், நெற்றியில் டெம்பரேச்சர் கன், நோட்டில் குறிப்பு, எல்லாம் உண்டு. உள்ளே மெஷின்கள் இரண்டடி இடைவெளியில் எதிரும் புதிருமாக, தூசி வரும் என்று தெருப்பக்க ஜன்னல் எல்லாம் சாத்தி, மேலே ஃபேன் ஒரே காற்றைச் சுற்றிச் சுற்றி அடித்தது. கப்பலூரில் டெம்பரேச்சர் கன் வாங்க ஒரு மாதம் தாமதம் ஆனது. ஆனால் இரண்டு ஷிப்டாகப் பிரித்துவிட்டார்கள், ஷட்டரை இரண்டு பக்கமும் தூக்கிவிட்டார்கள், சாப்பாட்டை வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோனார்கள். முகக்கவசம் கழற்றுவது சாப்பிடும்போதுதானே. இந்தக் கிருமி காற்றில்தான் அதிகம் பரவுகிறது என்பது பிறகு தெளிவானபோது, எது உதவியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. செல்லூர் யூனிட் திறந்து சில வாரத்தில், ஜூன் 24 அன்று மதுரை மறுபடி முழு ஊரடங்குக்குள் போனது. அதற்குள்ளேயே அங்கே ஆறு பேர் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். நல்லவேளை, எல்லோரும் எழுந்து வந்தார்கள்.

இரண்டாம் அலையில் அப்படி இல்லை. 2021 மே மாதம் கப்பலூர் பட்டறையில் லேத் ஓட்டும் டர்னர் ஒருவர் கொரோனாவில் இறந்துவிட்டார், கீழமாசி வீதிக் கடையில் சரக்கு எடுத்துக் கொடுக்கும் ஒருவரும் அதே மாதம் போனார். டர்னர் குடும்பத்துக்குக் காகிதங்கள் கொடுத்து அலைந்து சில மாதத்தில் பென்ஷன் வந்துவிட்டது. மளிகைக்கடையில் வேலை பார்த்தவர் குடும்பத்திடம் இன்சூரன்ஸ் கம்பெனி, தொற்று கடையில் வந்ததற்கு ஆதாரம் கேட்டது, அது இல்லை. அவர்களுக்குக் கிடைத்தது, கொரோனாவில் இறந்த எல்லோர் குடும்பத்துக்கும் அரசு கொடுத்த 50,000-மும், முதலாளி கையிலிருந்து கொடுத்த 50,000-மும்தான்.

அந்தக் கடை இ.எஸ்.ஐ.யில் இல்லாததற்குக் காரணம், பத்துப் பேர் இருந்தால்தான் அது கட்டாயம், பதிவேட்டில் எட்டுப் பேர்தான். கடையில் வேலை பார்த்தது பன்னிரண்டு பேர். அந்தப் பதிவேட்டை எழுதியது நான். முதலாளி சொன்னார், எழுதினேன், அந்தச் சமயத்தில் அது தப்பு என்றே எனக்கு உறைக்கவில்லை. இறந்தவர் பெயர் அந்த எட்டில் இருந்தது. மற்ற நாலு பேரையும் எழுதியிருந்தால் அவர் மனைவிக்கும் மாதம் பத்தாயிரத்துக்குக் குறையாமல் வந்திருக்கும். இப்போது வேலை பார்க்கும் ஆள் எல்லோரையும் எழுதச் சம்மதிக்காத கடைக்கு நான் கணக்கு எழுதுவதில்லை. ஒன்பது பேருக்குள் உண்மையாகவே நடத்துகிறவர்கள் என்றால் இழப்பீட்டு பாலிசியையும், எல்லா ஆட்களுக்கும் சேர்த்து எடுக்கும் குரூப் மெடிக்கல் பாலிசியையும் சேர்த்தே எடுங்கள், ஒன்று இல்லாமல் மற்றது போதாது.