குப்தகாசி சாலையோரத்தில் ஒரு மகளிர் குழுக் கடை

சென்ற மே மாதம் கேதார்நாத் செல்லும் வழியில், குப்தகாசியைத் தாண்டியதும், உள்ளூர்ப் பெண்கள் நடத்தும் சிறிய கடையொன்றில் பொருள்கள் வாங்கினேன். வெளிநாடுகளில் வாழும் உத்தராகண்ட் மக்களின் அறக்கட்டளை ஒன்றும் உள்ளூர்த் தொண்டு நிறுவனமும் சேர்ந்து தொடங்கிக் கொடுத்த கடை அது.

2013 ஜூன் 16, 17 தேதிகளில் கொட்டிய மழையில் கேதார்நாத்துக்கு மேலுள்ள சோராபாரி ஏரியின் கரை உடைந்து, மந்தாகினி ஆற்றில் பாய்ந்த வெள்ளம் யாத்திரை வழியிலிருந்த ராம்பாரா என்ற ஊரை அடித்துச் சென்றபோது, கோவேறு கழுதை ஓட்டியும் தேநீர்க்கடை வைத்தும் பூசை செய்தும் யாத்திரையின் ஆறு மாத வருமானத்தில் ஆண்டு முழுவதும் குடும்பத்தைக் காத்த ஆண்கள் மலைமேல் யாத்திரைப் பாதையில்தான் இருந்தார்கள். அருகிலுள்ள தேவ்லி-பணிகிராமத்தில் மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் வீடு திரும்பவில்லை. அப்படி ஆண்களை இழந்த வீடுகளின் பெண்களுக்காகத்தான் இந்தக் கடை.

கடையில் இருந்த அம்மையார், அறக்கட்டளை முதலில் தையல் இயந்திரங்களைத்தான் தந்தது என்றும், தைக்கக் கொடுக்க ஊரில் ஆளில்லாமல் அவை மூலையில் கிடந்தன என்றும் சொன்னார். பிறகு அவர்களே கேட்டுப் பெற்ற ஏற்பாடுதான் இந்தக் கடையைக் காப்பாற்றியிருக்கிறது: கோயில் நடை சாத்தியிருக்கும் பனிக்காலத்திலும் வெளிநாட்டு உறுப்பினர்கள் பாதிப் பணத்தை முன்பணமாக அனுப்பிப் பொருள்களை வாங்கிக்கொள்கிறார்கள். உதவி என்றால் இதைத்தான் சொல்வேன்.

சௌலாய் லட்டு அருமை. கசகசா அளவே உள்ள கீரை விதையைச் சூடான வாணலியில் பிடிப்பிடியாகப் போட்டு, அது வெண்மையாகப் பொரிந்ததும் துணியால் ஒற்றி எடுத்து, வெல்லப்பாகில் உருட்டுகிறார்கள். நம் கார்த்திகைப் பொரி உருண்டையைவிட மென்மையானது, தித்திப்பும் அளவோடு இருக்கிறது. புராஞ்சு சர்பத் செக்கச்சிவந்த நிறமும் இலேசான துவர்ப்பும் கொண்டது. நீலகிரிச் சோலைகளில் நாம் காட்டுப்பூவரசு என்று சொல்லும் மரத்தின் இனமே அங்கு புராஞ்சு. கம்பளிச் சால்வைகள் சுமார்தான், ஓரங்கள் பிரிகின்றன.

குறைகளும் உண்டு. சர்பத் புட்டியின் மூடி சரியாக இறுகாததால் பைக்குள் கசிந்தது. தயாரித்த தேதி அழிந்து போயிருந்தது. ஊர் திரும்பியபின் தொலைபேசியில் கேட்டு அஞ்சலில் பெற்ற பெட்டி வந்து சேர மூன்று வாரமாயிற்று; ஆனால் லட்டு ஒன்றுகூட நொறுங்கவில்லை, மூடியைப் பற்றி நான் சொன்னதை நினைவில் வைத்துப் புட்டியின் கழுத்தில் மெழுகு பூசி அனுப்பியிருந்தார்கள். நடை சாத்திய பிறகு அனுப்பும்படி இன்னும் பத்துப் பெட்டிக்கு முன்பணம் கட்டியிருக்கிறேன்.