நிலைக்குழுவா, பணிக்குழுவா, வட்டாரக் குழுவா? நீலகிரி அரசுத் தொழில்நுட்பப் பொறுப்பாளர் சங்கத்துக்கு எது பொருந்தும்

நீலகிரியில் அரசு அலுவலகங்களின் கணினிப் பொறுப்பைச் சுமப்பவர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைக்க வேண்டும் என்று நாங்கள் பேசத் தொடங்கிக் கொஞ்ச காலம் ஆகிறது. கலெக்டர் ஆபீஸ், நகராட்சிகள், ஊராட்சி ஒன்றியங்கள், தாலுகா அலுவலகங்கள் என்று எங்கே கேட்டாலும் சங்கம் வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தே இல்லை. உள்ளே குழுக்களை எப்படிப் பிரிப்பது என்பதில்தான் மூன்று தரப்பு. சைபர் பாதுகாப்பு, தரவு, பயிற்சி என்று பொருள்வாரியாக நிலைக்குழு வேண்டும் என்கிறார்கள் சிலர். ஒரு வேலைக்கு ஒரு பணிக்குழு, வேலை முடிந்ததும் கலைத்துவிடலாம் என்பது இன்னொரு தரப்பு. ஊட்டிக்கு ஒன்று, குன்னூர், கோத்தகிரிக்கு ஒன்று, கூடலூர், பந்தலூருக்கு ஒன்று என்று வட்டாரவாரியாகப் பிரிக்கச் சொல்கிறது மூன்றாம் தரப்பு.

நான் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன், பதவி எதுவும் வேண்டாதவன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வட்டாரக் குழு அடித்தளமாக இருக்கட்டும். அதிலிருந்து தேவைப்படும்போது பணிக்குழு எழட்டும். நிலைக்குழு ஒன்றே ஒன்று போதும்.

நிலைக்குழு கேட்பவர்கள் காட்டும் முன்மாதிரி அமெரிக்காவில் இருக்கிறது. அங்குள்ள மாநிலத் தலைமைத் தகவல் அதிகாரிகளின் தேசியச் சங்கம், சுருக்கமாக நாசியோ, 1969-இல் தொடங்கியது. சைபர் பாதுகாப்பு, கட்டமைப்பு, நிர்வாகம் என்று பொருள்வாரியான குழுக்களில் மாநில அதிகாரிகள் தங்கள் வேலைக்கு மேல் தன்னார்வமாக உட்காருகிறார்கள். ஆண்டுதோறும் மாநிலங்கள் வாக்களித்து முதல் பத்து முன்னுரிமைகளை வெளியிடுகின்றன. அந்தப் பட்டியலில் சைபர் பாதுகாப்பு பல ஆண்டுகள் தொடர்ந்து முதலிடத்தில் இருந்தது. ஒரு மாநிலம் பட்ட பாட்டை இன்னொரு மாநிலம் படாமல் தப்பிக்க இந்த ஏற்பாடு உண்மையாகவே உதவுகிறது. நல்ல முன்மாதிரிதான்.

ஆனால் அந்தக் குழுக்களுக்குப் பின்னால் கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனில் சம்பளம் வாங்கும் ஊழியர்கள் கொண்ட ஓர் அலுவலகம் இயங்குகிறது. கூட்டத்துக்குத் தேதி குறிக்கவும், மினிட்ஸ் எழுதவும், அறிக்கையை அச்சுக்குக் கொண்டுபோகவும் ஆள் உண்டு. அதிகாரி தன் அனுபவத்தோடு வந்தால் போதும். நம் மலையில் அந்த வேலையெல்லாம் யார் தலையில் விழும்? கணினி தெரிந்த ஒருவர் ஓர் அலுவலகத்தில் இருந்தால் சர்வரும் அவர்தான், தேர்தல் பணியும் அவர்தான், மே மாத சீசன் பணியும் மழைக்காலக் கட்டுப்பாட்டு அறை முறையும் அவர்தான். அவரிடம் மாதம் ஒரு நிலைக்குழுக் கூட்டம் கேட்டால் இரண்டு மாதம் வருவார். மூன்றாம் மாதம் வரமாட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

இடமாற்றமும் இருக்கிறது. கன்வீனர் கோவைக்கோ ஈரோட்டுக்கோ மாறிப் போனால் குழுவின் நினைவு முழுவதும் அவர் கைபேசியோடு கீழே இறங்கிவிடும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி நிர்வாகக் குழுவின் காலமே மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. நான்கைந்து நிலைக்குழுக்களை ஆள் மாற்றி மாற்றி உயிரோடு வைத்திருக்க நம்மிடம் ஆளில்லை.

இனி பணிக்குழு. இதற்கு நம் கண்முன் நடந்த உதாரணமே போதும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2024 ஏப்ரல் கடைசியில். நடைமுறைக்கு வந்தது மே 7. இடையில் ஒரு வாரத்துக்குச் சற்று அதிகமான நாட்கள்தான். இணையதளத்தை மாநில மின் ஆளுமை முகமை பார்த்துக்கொண்டாலும், பர்லியாறு, குஞ்சப்பனை, கக்கநல்லா, நாடுகாணி, பாட்டவயல், தாளூர் என்று ஒவ்வொரு செக்போஸ்ட்டிலும் நின்று க்யூஆர் குறியீட்டைச் சரிபார்க்க வேண்டியவர்கள் இங்குள்ளவர்கள்தான். நெட் கிடைக்காத இடத்தில் என்ன செய்வது, உள்ளூர் வண்டியை எப்படி அடையாளம் காண்பது, பாஸ் எடுக்கத் தெரியாமல் வந்த குடும்பத்தை எங்கே நிறுத்தி எடுத்துக் கொடுப்பது என்ற கேள்விகள் மாதக் கூட்டத்துக்குக் காத்திருக்காது. நான்கு பேரை அழைத்து, இந்தத் தேதிக்குள் இது முடிய வேண்டும் என்று ஒப்படைப்பதுதான் இப்படிப்பட்ட நேரத்தில் நடக்கிற காரியம். தன்னார்வலருக்கும் அதுவே பிடிக்கும். எப்போது முடியும் என்று தெரிந்தால் மனிதர்கள் தாராளமாக நேரம் தருவார்கள்.

பணிக்குழுவின் பலவீனமும் இதே கதையில் இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் அமலாகும்படி, அதற்கு முந்தைய மார்ச்சில் நீதிமன்றம் எண்ணிக்கைக்கே வரம்பு வைத்தது. நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. முந்தைய ஆண்டு எந்த செக்போஸ்ட்டில் எந்த நேரத்தில் வரிசை நீண்டது, எந்த நெட்வொர்க் கைவிட்டது என்ற அனுபவம் அப்போது தங்கமாக இருந்திருக்கும். ஆனால் கலைந்துபோன குழுவிடம் போய் யாரும் கேட்க முடியாது. கற்றதை வைத்திருக்க ஓர் இடம் வேண்டும். பணிக்குழுவை மட்டும் நம்பும் சங்கத்தில் அந்த இடம் இல்லை.

வட்டாரக் குழுவை நான் ஆதரிப்பது இதற்காகவும், இதைவிடப் பெரிய காரணங்களுக்காகவும்.

நீலகிரி வரைபடத்தில் ஒரே மாவட்டம். வேலையில் அப்படி இல்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது நினைவிருக்கும். குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர், நவம்பர் வடகிழக்குப் பருவமழைதான் அச்சம். 2009 நவம்பர் மண்சரிவில் நாற்பது பேருக்கு மேல் இறந்தது அந்தப் பக்கம்தான். ஆக, மேற்குச் சரிவு திணறும்போது கிழக்குச் சரிவு ஓரளவு கை ஓய்ந்திருக்கும். சில மாதம் கழித்து நிலைமை மாறும். இந்த இரு பக்கத்து வட்டாரக் குழுக்களும் இதை எழுதிவைத்துக்கொண்டு, கண்ணாடி இழைக் கம்பி அறுந்தால் மாற்று இணைப்பு, ஜெனரேட்டர், மனுக்களைக் கையால் பதிவு செய்யும் படிவம் என்று ஒருவருக்கொருவர் கைகொடுக்கலாம். பொருள்வாரியாகப் பிரித்தால் இந்த ஏற்பாடு யார் கண்ணிலும் படாது. மலையின் வானிலையே நமக்கு ஒரு வேலைப் பங்கீட்டைத் தந்திருக்கிறது. அதை வீணாக்கக் கூடாது.

நிலமும் வேறு. கூடலூரின் ஜென்மம் நிலங்களுக்கான, அதாவது பழைய நிலக்கிழார்களின் நிலங்களுக்கான, 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் வரும் நிலங்களின் சிக்கல் இன்னும் தீரவில்லை. தலைமுறையாகக் குடியிருந்தும் பட்டா இல்லாதவர்கள் அங்கே ஏராளம். பட்டா எண் கேட்கும் எந்த இணையப் படிவமும் அவர்கள் முன்னால் தடுமாறும். குன்னூரில் உட்கார்ந்து தரவுக் குழு நடத்துபவருக்கு இந்தச் சிக்கல் மேசைக்கே வராது. பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிக் குடியிருப்புகளில் கைபேசிக்கு வரும் கடவு எண்ணை நம்பி அமைத்த சேவை என்னவாகும், தேயிலை பறித்துத் தேய்ந்த விரல் ரேகையை இயந்திரம் ஏற்காதபோது எப்படி உதவுவது, மலையாளம் பேசும் மனுதாரருக்கு யார் விளக்குவது, இவையெல்லாம் அங்கேயே வேலை செய்பவருக்குத்தான் தெரியும்.

வெளிநாட்டிலும் இதற்கு முன்னுதாரணம் உண்டு. பிரிட்டனில் 1986-இல் தொடங்கிய சோசிட்டம் உள்ளாட்சித் தொழில்நுட்பத் தலைவர்களை வட்டாரங்களாகவும் இணைத்திருக்கிறது. சிறிய கவுன்சிலில் தனி ஆளாக இருப்பவருக்குப் பக்கத்துக் கவுன்சில்காரர் கிடைப்பது பெரிய பலம்.

வட்டாரக் குழுவுக்கு ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். ஊட்டியில் ஆள் அதிகம், பந்தலூரில் ஆள் குறைவு. கவனிக்காமல் விட்டால் ஊட்டிக் குழுவே சங்கமாகிவிடும். அதனால் தலைமைப் பொறுப்பு சுழற்சியில் வர வேண்டும், கூட்டமும் ஊர் மாற வேண்டும். ஒரே கையேட்டை மூன்று வட்டாரமும் தனித்தனியாக எழுதி நேரத்தைக் கரைப்பதும் நடக்கும். பணிக்குழு அதைத் தடுக்கும். ஒவ்வொரு வட்டாரத்திலிருந்தும் ஓரிருவர் சேர்ந்து எழுதி முடித்து, பிரதியை அவரவர் வட்டாரத்தில் வைத்துவிட்டுக் கலையலாம்.

நான் சொன்ன ஒரே நிலைக்குழு சைபர் பாதுகாப்புக்கு. இணையத் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவுப்படி, இணையத் தாக்குதலை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் அதனிடம் தெரிவிக்க வேண்டும். அரசு அமைப்புகளும் அதற்குள் வருகின்றன. ஞாயிறு இரவு ஒரு பேரூராட்சியின் கணினிகள் இணையத் தாக்குதலில் பூட்டப்பட்டால் அங்குள்ள ஊழியர் யாரை அழைப்பார்? அப்போது குழு அமைத்துக்கொண்டிருக்க முடியாது. வெவ்வேறு அலுவலகங்களைச் சேர்ந்த மூன்று பேர், எப்போதும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண், எந்தக் கணினியை நெட்டிலிருந்து துண்டிப்பது, எதை அணைக்காமல் விடுவது, யாருக்கு எழுதுவது என்று ஒரே பக்கத்தில் ஒரு குறிப்பு. இந்தக் குழு கூட்டம் போடாவிட்டாலும் பரவாயில்லை, இருக்க வேண்டும்.

நிறுவனங்களுக்குக் குழுவில் இடம் தரலாமா என்றும் கேட்கிறார்கள். நாசியோவில் தனியார் நிறுவனங்கள் உறுப்பினராகலாம். இங்கே வேண்டாம் என்பது என் கருத்து. தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998 இருக்கும் இடத்தில், நாளை விலைப்புள்ளி தரப் போகிறவர் இன்று நம்மோடு உட்கார்ந்து தேவையை வரையறுத்தால் உறுப்பினர்தான் பதில் சொல்ல வேண்டிவரும். செயல்விளக்கம் தர அழைக்கலாம், அவ்வளவுதான்.

தொடங்க நல்ல காலம் ஜனவரி. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், சீசன் தொடங்கியிருக்காது. முதல் கூட்டத்தைக் கூடலூரில் வையுங்கள். நடுவட்டம் வழியாக 50 கி.மீ. இறங்கிப் போய், அங்குள்ள ஒரு இ-சேவை மையத்தில் காலை முழுவதும் வரிசையைப் பாருங்கள். எந்தப் பணிக்குழுவை முதலில் அமைப்பது என்பதை மதியம் முடிவு செய்துகொள்ளலாம்.