கிருஷ்ணகிரியில் ஒரு கார்ப்ரேட்டர் சர்வீஸ்: ஜெட் வேலை சுத்தம், ஏர் பாக்ஸில் கோட்டை விட்டார்கள்

கிருஷ்ணகிரி டவுனுக்குள் இருக்கும் சின்னப் பட்டறை. பெயர் தேவையில்லை, கீழே சொல்லும் குறை பல பட்டறைகளுக்கும் பொருந்தும். சர்வீஸுக்குப் போன வண்டி 2020 ஏப்ரலுக்கு முந்தைய பிஎஸ் 4 (பழைய புகைக் கட்டுப்பாட்டு விதி), 150 சிசி பைக். பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்குத் தரும் கார்ப்ரேட்டர் டயாபிரம் (மெல்லிய ரப்பர் சவ்வு) வைத்தது, ஏர் ஃபில்டர் ஃபோம். காலையில் சோக் போட்டாலும் லேசில் பிடிக்காது, ஐடிலிங் (ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஓடுவது) நிலைக்காது, சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் இழுவை கிடையாது. கூலி 450 ரூபாய், பொருளுக்குத் தனிக் காசு.

முதலில் பாராட்ட வேண்டியதைச் சொல்லிவிடலாம். கார்ப்ரேட்டரில் கை வைக்கத் தெரிந்த ஆட்கள். பெட்ரோல் டேப்பை மூடி, பவுலில் (கார்ப்ரேட்டரின் அடிக்கிண்ணம்) நின்ற பெட்ரோலை வெள்ளைக் கிண்ணத்தில் இறக்கிப் பார்த்தார்கள். அடியில் முத்து முத்தாகத் தண்ணீர், கூடவே துருத் தூள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தினால் பவுலில் நிற்கும் பெட்ரோல் ஆவியாகி, பிசின் மாதிரி ஒரு படிவை ஜெட்டில் (பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள பாகம்) விட்டுப்போகும். பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர்கூடக் கிடையாது. முதலில் அடைபடுவது அதுதான். ஸ்டார்ட்டிங்குக்கும் ஐடிலிங்குக்கும் பெட்ரோல் தருவதும் அதுவே என்பதால், முதல் இரண்டு புகாருக்கும் அந்த ஒரே துளைதான் காரணம்.

அதைச் சுத்தம் செய்த விதம் நன்றாக இருந்தது. கிளீனரில் அரை மணி நேரம் ஊறவைத்து, காற்றடித்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, துளை முழு வட்டமாகத் தெரிகிறதா என்று பார்த்தார்கள். இரும்புக் கம்பியைத் தொடவே இல்லை. ஜெட் பித்தளை, கிளட்ச் கேபிள் இழையை விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி, அப்புறம் எவ்வளவு ட்யூன் செய்தாலும் மைலேஜ் திரும்பாது.

பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சரிசெய்யும் மிக்ஸ்சர் ஸ்குரூவைக் கழற்றும் முன், மெதுவாக உள்ளே முடுக்கிச் சுற்றை எண்ணி, பெஞ்சில் சாக்பீஸால் 'இரண்டேகால்' என்று எழுதிவைத்தார்கள். அந்த ஸ்குரூவோடு ஒரு ஸ்பிரிங், ஒரு வாஷர், கடுகு அளவில் ஒரு ஓ-ரிங் வரும். ஓ-ரிங் பெரும்பாலும் துளைக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். கவனிக்காமல் ஸ்ப்ரே அடித்தால் உப்பிப்போகும், தொலைந்தால் அந்த வழியே காற்று உறிஞ்சும். இங்கே எடுத்துத் தனியாக வைத்தார்கள். டயாபிரத்தையும் கம்ப்ரசர் பிடிக்கும் முன்பே வெளியே எடுத்து, வெயிலில் விரித்து ஓட்டை பார்த்தார்கள். ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலே அதோடு சேர்ந்து மேலேறிக் காற்றுவழியைத் திறக்கும் ஸ்லைடு முழுதாக ஏறாது, ஏற்றத்தில் வண்டி திணறும். பவுலுக்குள் பெட்ரோல் வருவதை அடைக்கும் ஃப்ளோட் நீடில் முனையில் வளையமாகத் தேய்மானம் விழுந்திருந்ததால் புதிது போட்டார்கள். அதை விட்டிருந்தால் பெட்ரோல் ஓவர்ஃப்ளோ ஆகியிருக்கும். அந்த நீடில் நியாயமான செலவுதான்.

கோட்டை விட்டது ஏர் ஃபில்டர் இருக்கும் பெட்டியான ஏர் பாக்ஸில். ஃபோமைப் பெட்ரோலில் அலசி, உலர்த்தி, அப்படியே மாட்டிவிட்டார்கள். எண்ணெய் இல்லாத ஃபோம் பெரிய குப்பையை மட்டும் தடுக்கும். மாவு போன்ற தூசியை விட்டுவிடும். பர்கூர் பக்கம் கிரானைட் லாரிகளுக்குப் பின்னால் ஓடும் வண்டிக்கு இது பெரிய கேடு. உள்ளே போகும் கல்தூள் ஆயிலோடு சேர்ந்து அரைக்கும் பசையாகிச் சிலிண்டரையும் பிஸ்டன் ரிங்கையும் தேய்க்கும். கொஞ்ச நாளில் ஆயில் குறையும், நீலப் புகை வரும்.

சரியான முறை ஒன்றும் கடினமில்லை. மண்ணெண்ணெயிலோ சோப்புத் தண்ணீரிலோ அலசி, முறுக்காமல் இரண்டு உள்ளங்கைக்கு நடுவே அழுத்திப் பிழிந்து, நிழலில் முழுக்கக் காயவிட வேண்டும். பிறகு என்ஜின் ஆயிலில் நனைத்து, இனி சொட்டாது என்கிற வரை பிழிந்து மாட்ட வேண்டும். எண்ணெய் அதிகமானால் காற்று குறைந்து ப்ளக் கரி பிடிக்கும்.

ஏர் பாக்ஸ் மூடியின் ரப்பர் சீலும் நசுங்கியிருந்தது, ஒரு ஸ்குரூ இல்லை. ஏர் பாக்ஸிலிருந்து கார்ப்ரேட்டருக்குப் போகும் ரப்பர் டக்டுக்குள் விரலில் வெள்ளைத் துணியைச் சுற்றித் துடைத்துப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் கறை வந்தது. ஃபில்டரைத் தாண்டிய பக்கத்தில் அந்தக் கறை வரவே கூடாது. ஏர் பாக்ஸ் அடியில் தொங்கும் டிரெயின் குழாயையும் யாரும் திறக்கவில்லை. உள்ளே பாதிக்கு ஆயில் நின்றது.

ட்யூனிங் மறுபடி நல்ல வேலை. பத்து நிமிடம் ஓட்டி என்ஜின் சூடான பிறகே ஐடிலிங்கை 1400-இல் வைத்து, மிக்ஸ்சரை இரண்டரைச் சுற்றுக்குக் கொண்டுவந்தார்கள். ஆக்சிலேட்டரை விட்டதும் ஆர்பிஎம் தொங்காமல் இறங்கியது. தொங்கினால் என்ஜினுக்கும் கார்ப்ரேட்டருக்கும் நடுவிலுள்ள ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா, கிளாம்ப் தளர்ந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். ஓசூர் மேட்டுப் பகுதி என்பதற்காக ஜெட் மாற்றச் சொல்வார்கள். அந்த உயர வித்தியாசத்துக்கு அவசியமே இல்லை.

கார்ப்ரேட்டர் வேலைக்கு இந்தப் பட்டறையைத் தயங்காமல் நம்பலாம். ஏர் ஃபில்டரை மட்டும் பக்கத்தில் நின்று, ஆயில் போட்டு மாட்டச் சொல்லுங்கள். எண்ணெய்ப் பிசுபிசுப்புள்ள பேப்பர் ஃபில்டர் வண்டியாக இருந்தால் காற்றடிக்க விடாமல் புதிதே வாங்கிப் போடுங்கள். மூடி சீலின் ஓரத்தில் கிரீஸை மெல்லிசாகத் தடவச் சொல்லுங்கள். ஒரு வாரம் ஓட்டியபின் அதே வெள்ளைத் துணியை டக்டுக்குள் விட்டுப் பாருங்கள்.