பழைய பிளக்கைக் காட்டி கார் விற்கிறார்கள், உஷார்!

செகண்ட் ஹேண்ட் பெட்ரோல் கார் தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

கோவையில் ஒரு புரோக்கரிடம் பழைய மாருதி 800 வாங்கினேன். இன்ஜின் எப்படி என்று கேட்டதும், டேஷ்போர்டிலிருந்து காகிதத்தில் சுற்றிய மூன்று ஸ்பார்க் பிளக்கை (பெட்ரோல் எரியும் அறையான சிலிண்டருக்குள் தீப்பொறி கொடுக்கும் பாகம், சிலிண்டருக்கு ஒன்று) எடுத்து நீட்டினார். "இப்பத்தானுங்க புது பிளக் போட்டோம். இது இந்த வண்டியில கழட்டுனது. மூணும் பால் டீ கலர்ல இருக்குது பாருங்க. இன்ஜினுக்கு இதைவிட என்னங்க சர்டிபிகேட் வேணும்?"

பிளக் முனை இளம்பழுப்பாக இருந்தால் உள்ளே பெட்ரோல் சரியாக எரிகிறது என்பது உண்மைதான். அந்த உண்மையை வைத்துத்தான் ஏமாற்றியிருக்கிறார்.

கொஞ்ச நாளில் காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப்புகை. ஆயில் அளவும் இறங்கிக்கொண்டே வந்தது. எங்கள் பகுதி மெக்கானிக் பிளக்குகளைக் கழற்றினார். இரண்டு பரவாயில்லை. நடு சிலிண்டர் பிளக் மட்டும் கருப்பாக, ஆயிலில் நனைந்து பிசுபிசுவென்று இருந்தது. உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு என்று சின்ன வேலையோடு போயிருக்கும். ஈரக் கருப்பு அப்படியில்லை. ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) வழியாகவோ வால்வ் சீல் (வால்வில் ஆயில் இறங்காமல் தடுப்பது) வழியாகவோ ஆயில் சிலிண்டருக்குள் போகிறது என்று அர்த்தம். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம், பார்த்தோம், அந்த சிலிண்டரில் மட்டும் குறைவு. பிளக் துளை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்த்ததும் அளவு ஏறியது. விட்ட ஆயில் ரிங் இடைவெளியை அடைத்ததால்தான் ஏறியது; சரி, ரிங் போய்விட்டது, இன்ஜினை இறக்க வேண்டும் என்றார்.

அப்புறம்தான் அந்தக் காகிதப் பொட்டலத்தைக் காட்டினேன். புரோக்கர் கொடுத்த பிளக்குகளின் மரை நீளம் சுமார் 12.7 மி.மீ. இன்ஜினில் இருந்தவை 19 மி.மீ. அந்தக் குட்டை பிளக் பழைய ஸ்கூட்டர், மொபெட்டுகளில் போடுவது. இந்த இன்ஜினுக்கு உரிய பிளக்கே அல்ல அது!

அதனால், யாராவது கையில் பிளக்கை எடுத்துக் காட்டினால் நம்பாதீர்கள். உங்கள் கண் முன்னால் கழற்றச் சொல்லுங்கள். வண்டியை நன்றாக ஓட்டிவிட்டு, இன்ஜின் ஆறியதும் கழற்றி, சிலிண்டர் வரிசைப்படி வையுங்கள். வண்டி நகராமல் வெறும் ஐட்லிங்கில் ஓடினாலே கரி படியும், அதை வைத்து நல்ல வண்டியைத் தள்ளிவிட வேண்டாம். ஒன்று மட்டும் மற்றவற்றிலிருந்து மாறித் தெரிந்தால் அந்த சிலிண்டரை விடாதீர்கள். ஒன்று மட்டும் கழுவிவிட்டது போலப் பளிச்சென்று இருந்தால் கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) உள்ளே போகிறதா, ஹெட் கேஸ்கட் (இன்ஜின் பிளாக்குக்கும் மேல்மூடிக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) போயிருக்கிறதா என்று பாருங்கள். முனை வெள்ளையாகக் கொப்பளித்திருந்தால் இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. எல்லாமே புதிதாக மின்னினால் பிளக்கில் படிக்க எதுவும் இல்லை. கம்ப்ரஷன் டெஸ்ட் செய்யாமல் பணம் கொடுக்காதீர்கள். மறுக்கிறவரிடம் பேரம் பேசவே வேண்டாம்.

புரோக்கர் இப்போது, "பழைய வண்டின்னா அப்படித்தானுங்க" என்று போனை வைத்துவிடுகிறார். ஆறு பிளக்குகளையும் போட்டோ எடுத்து, மெக்கானிக்கிடம் எழுதி வாங்கியிருக்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். மனு தயாராகிக்கொண்டிருக்கிறது.