நான்கு ஆண்டுகளாக நான் நாணயம் நிறுக்கும் பாக்கெட் தராசு

0.01 கிராம் வரை காட்டும் பாக்கெட் தராசின் விலை இறங்கியிருக்கிறதே, வாங்கலாமா என்று புதுச்சேரி நண்பர் கேட்டார். அதே தராசைக் கடலூரில் நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். உப்புக் காற்றில் பேட்டரி முனைகள் பச்சை பூத்து, இந்த மாதம்தான் பழுது பார்த்து வாங்கி வந்தேன்.

பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம் என்பது சேகரிப்பவருக்குத் தெரியும். போலி அடிப்பவருக்கும் தெரியும். ஆகவே நான் நம்புவது நீர்ச் சோதனையைத்தான். தண்ணீர் டம்ளரைத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, நூலில் கட்டிய நாணயத்தை அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுதும் மூழ்கத் தொங்கவிட்டால், திரையில் கிராமாகத் தெரியும் எண்ணே கன சென்டிமீட்டரில் அதன் கன அளவு, ஒரு கன சென்டிமீட்டர் நீர் ஒரு கிராம் எடை என்பதால். எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி வரும், 91.7 சதவீத வெள்ளி ரூபாய்க்கு அது 10.3 அளவில் நிற்க வேண்டும். ஒரு நடைபாதைக் கடையில் ஆசையாக வாங்கிய 1862 விக்டோரியா ரூபாய் 11.64 கிராம் காட்டி என்னை மகிழ்வித்தது. நீரிலோ 1.34 காட்டியது, அடர்த்தி 8.7 கூட வரவில்லை. நல்ல ரூபாய் ஒன்றை அருகில் வைத்து விளிம்புகளை நகத்தால் தடவிய பிறகே, போலி ஒரு மயிரிழை தடித்திருப்பதை உணர்ந்தேன். இந்தத் தராசு இல்லையென்றால் அது இன்றும் என் ஆல்பத்தில் இருந்திருக்கும்.

ஆனால் பொத்தானைத் தொடாமல் ஒரு நிமிடம் ஆனதும் இது தானாக அணைந்துவிடுகிறது. நூலின் ஆட்டம் அடங்க வேண்டும். நாணயத்தின் அடியில் ஒட்டும் காற்றுக் குமிழிகளைத் தூரிகையால் நீக்க வேண்டும், இல்லையேல் கன அளவு கூடுதலாகக் காட்டும். எல்லாம் கூடிவரும் வேளையில் திரை இருண்டுபோகும். மறுபடி இயக்கினால் டம்ளர், நீர், நாணயம் எல்லாவற்றையும் சேர்த்துப் பூஜ்யம் என்கிறது. நான்கு ஆண்டுகளில் எனக்கு இது பழகவே இல்லை.

நாணயம் எவ்வளவு புழங்கித் தேய்ந்திருக்கிறது என்று தரம் பிரிக்கவும் தராசு உதவாது. அதற்குப் பத்து மடங்கு பெருக்கும் லென்சும் ஒற்றை விளக்கும் வேண்டும். நாணயத்தைச் சாய்த்துத் திருப்பும்போது, புழங்காத நாணயத்தின் பரப்பில் ஒளி சக்கரம் போலச் சுழன்று ஓடும். புளி போட்டுத் தேய்த்ததில் வெளிறிய வெண்மையும் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்களும்தான் தெரியும். தேய்த்த நாணயம் எத்தனை பளபளத்தாலும் அதை மேல் தரத்தில் வைக்க எனக்கு மனம் வருவதில்லை.

ஞாயிறு சந்தையில் நண்பர் தேடுவது வெள்ளியை அல்ல. ஒருபுறம் லில்லிப் பூவும் மறுபுறம் தமிழில் ஊர்ப் பெயரும் பொறித்த, பிரெஞ்சுக்காரர் காலத்துப் புதுச்சேரித் துட்டை. போலியையும் செம்பிலேயே வார்த்தால் அடர்த்தி மாறாது. தேய்ந்த செம்புத் துட்டின் எடையைக் கொண்டும் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. எழுத்தோரங்கள் கூர்மையாக நிற்கின்றனவா, வார்ப்பின் ஊசித்துளைகள் தெரிகின்றனவா, விளிம்பைச் சுற்றி இணைப்புக் கோடு ஓடுகிறதா என்று கண்தான் பார்க்க வேண்டும்.

அதனால் வாங்க வேண்டாம், அந்தப் பணத்தை நல்ல லென்சில் போடுங்கள் என்றேன். நேற்றிரவு ஒரு 1918 ரூபாயை அளந்து முடிப்பதற்குள் தராசு மூன்று முறை அணைந்தது. எனக்கே யாராவது இதை இலவசமாகக் கொடுத்தாலும் இன்னொன்று வேண்டாம்.